பாலாடை அளவு

கே.கே. நகர் என்று சுருக்கமாக அழைக்கப்பெறும் கலைஞர் கருணாநிதி நகரில் மாலை வேளையில் உலாவப் புறப்படுகிறவர், முனுசாமி சாலையில் தொடங்கி, பி.டி. ராஜன் சாலையைக் கடந்து, ராமசாமி சாலைக்கும் லட்சுமணசாமி சாலைக்கும் வந்து சேரும்போது, தாம் நடந்து வந்தது வீட்டு வசதி வாரியம் வகுத்த குடியிருப்பிலா, அன்றி நீதிக்கட்சியின் சரித்திரப் புத்தகத்திலா என்று சற்றே திகைப்பது இயல்பு. கடைசியில் சொன்ன இரண்டு பெயர்களையும் பலகைகளில் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஆர்க்காட்டு இரட்டையர் நினைவுக்கு வருவார்கள். 1887-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாள் கர்நூலில் ஒரே பிரசவத்தில் பிறந்த அவ்விருவருள், ராமசாமி முதலியார் ராஜதந்திரியாகி மைசூர் திவான் பதவி வரை உயர்ந்தார். லட்சுமணசாமி முதலியாரோ பிரசவ வைத்தியராகி, எழும்பூர் மகப்பேறு மருத்துவமனையில் பணியாற்றி, சென்னை மருத்துவக் கல்லூரியின் முதல் இந்திய முதல்வராகி, பிறகு 27 ஆண்டுகள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக வீற்றிருந்தார். பிரசவ சாஸ்திரம் குறித்து அவர் இயற்றிய ஆங்கில நூல் இன்றும் புதுப்பிக்கப்பெற்ற பதிப்புகளாக மாணாக்கர் கையில் இருந்து வருகிறது. இரட்டைப் பிள்ளைகளில் பாதிக்கு மேற்பட்டோர் மாதம் நிறையுமுன்பே பிறந்துவிடுகிறவர்கள் என்பது வைத்தியர் அறிந்த விஷயம். ஆயினும் சரித்திரம் திவான்களின் கையொப்பங்களைப் பத்திரப்படுத்துமே ஒழிய, அவர்கள் பிறந்த முதல் வாரத்தில் எத்தனை பாலாடை பால் குடித்தார்கள் என்று கேட்டு எழுதி வைப்பதில்லை. நான் இங்கே சொல்லப் புகுவது அந்த இரண்டாவது வகைச் சரித்திரம்.

பாலாடை என்ற சொல்லைக் கேட்டவுடன் காய்ச்சிய பாலின்மீது படியும் ஏட்டை நினைத்துக்கொள்கிறவர்கள் இக்காலத்தில் மிகுந்துவிட்டபடியால், அந்தப் பாத்திரத்தை வருணித்துவிடுவது நல்லது. உள்ளங்கைக் குழியில் அடங்கக்கூடியது. ஒரு புறம் வட்டமாகக் குழிந்து, மறுபுறம் படிப்படியாகக் குறுகி, பறவையின் அலகுபோல் நீண்டு முடிவது. அந்த அலகைச் சிசுவின் உதட்டோரத்தில் வைத்து இம்மியளவு சாய்த்தால் பால் துளித்துளியாக நாவில் இறங்கும். சில வீடுகளில் பாலடை என்பார்கள். வேறு சில வீடுகளில் சங்கு என்பார்கள். பின்னைய பெயர், கடற்சங்கையே இந்தக் காரியத்துக்குப் பயன்படுத்திய காலத்தின் எச்சம். வசதியுள்ள குடும்பங்களில் வெள்ளியிலும், மற்றக் குடும்பங்களில் பித்தளையிலும், பிற்காலத்தில் எவர்சில்வரிலும் செய்யப்பெற்ற இப்பாத்திரம், தாய்வீட்டுச் சீர்வரிசையில் உரை மருந்துக் கல்லோடும் தொட்டிற் சேலையோடும் கூடவே வந்து சேரும். முக்கியமான செய்தி என்னவென்றால், பாலாடை பாத்திரம் மட்டுமன்று, அளவும் அதுவே. குழந்தை எப்படியிருக்கிறது என்று அடுத்த வீட்டுக்காரி கேட்டால், “ரெண்டு பாலாடை குடிச்சுது” என்பதே விடை. தராசும் பட்டியலும் இல்லாத வீட்டில் சிசுவின் க்ஷேமத்தை அளந்து சொன்ன கருவி அது ஒன்றே.

ஐவகைத் தாயர் என்று நம் முன்னோர் வகுத்த மரபில் பாராட்டுந்தாய், ஊட்டுந்தாய், முலைத்தாய், கைத்தாய், செவிலித்தாய் என்று வெவ்வேறாகப் பெயர் சொல்லியிருப்பதைப் பள்ளிப் பருவத்தில் படித்தபோது, ஒரு குழந்தைக்கு இத்தனை தாயர் எதற்கு என்று எனக்குத் தோன்றியதுண்டு. பால் கொடுப்பவள் ஒருத்தி, கையில் வைத்துக் காப்பவள் ஒருத்தி, ஊட்டுபவள் ஒருத்தி என்ற இந்தப் பிரிவினை அரண்மனைச் சிசுக்களின் ஆடம்பரம் என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தேன். ஆனால் குறைமாதத்தில் பிறந்த ஏழையின் குழந்தைக்கும் இந்த வேலைப் பிரிவினை இல்லாமல் கதி இல்லை என்பதை வயது முதிர்ந்த பிறகே கண்டுகொண்டேன். உறிஞ்சத் தெரியாத சிசுவுக்குத் தாயின் மார்பில் எவ்வளவு பால் சுரந்தாலும் அது வேறொரு கை வழியாகத்தான் வந்து சேர வேண்டும்.

ஏழாம் மாதத்தில் பிறந்த பிள்ளை பிழைக்கும், எட்டாம் மாதத்துப் பிள்ளை தங்காது என்று நம் கிழவிகள் சொல்லி வந்தார்கள். பண்டைக் கிரேக்க வைத்தியரும் இதையே சொன்னார்கள் என்பது வேடிக்கை. ஒவ்வொரு வாரம் கூடுதலாகக் கருவில் இருந்தாலும் சிசுவுக்கு அத்தனைக்கத்தனை நன்மை என்று இன்றைய வைத்தியம் அறுதியிட்டுவிட்டபடியால், இரண்டு தேசத்துக் கிழவர்களும் ஒருசேரத் தவறினார்கள் என்றே கொள்ளவேண்டும். அந்தத் தவற்றுக்கு நானே பிரத்தியட்ச சாட்சி. எட்டாம் மாதத்தில் பிறந்த என்னைப் பழம்பஞ்சில் சுற்றி, அடுப்பங்கரைக்கு அடுத்த அறையில் கிடத்தி, மார்பிலிருந்து பீய்ச்சிய பாலை வெள்ளிப் பாலாடையில் ஏந்திப் புகட்டியதாக என் தாயார் அடிக்கடி சொல்லுவார். “ஒரு வேளைக்கு ஒன்றரைப் பாலாடை, அதற்குமேல் ஒரு சொட்டு இறங்காது” என்பது அந்தக் கதையின் பல்லவி.

இதைச் சொல்லும்போதே மற்றொன்றையும் ஒளிக்காமல் சொல்லவேண்டும். பாட்டிமார் வைத்தியம் அனைத்தும் ஞானமயம் என்று பேசுகிற புதிய மோஸ்தர் ஒன்று கிளம்பியிருக்கிறது. பிரசவித்த முதல் இரண்டு மூன்று நாள்களில் சுரக்கும் மஞ்சள் நிறச் சீம்பாலை, குழந்தைக்கு ஆகாது என்று பீய்ச்சிக் கொட்டியவர்களும் அதே பாட்டிமார்தாம். தாய்ப்பாலுக்கு முன்னே சேனை தொடுவது என்ற பெயரில் சர்க்கரைத் தண்ணீரையும் தேனையும், சில ஊர்களில் கழுதைப் பாலையும் பச்சிளம் வாயில் வைத்தவர்களும் அவர்களே. காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையை முழங்கால்மேல் மல்லாத்தி, அழ அழப் பாலாடையைக் கவிழ்த்தபோது பால் குடலுக்குப் போகாமல் சுவாசப் பைக்குப் போய் மாண்ட சிசுக்களின் கணக்கை எழுதி வைத்தவர் யார்? நல்ல பாத்திரத்துக்கும் நல்ல கை வேண்டும்.

மேற்கு நாட்டார் இவ்விஷயத்தில் சென்ற வழி வேறு. பாரிஸ் நகரத்து மிருகக்காட்சிச் சாலையில் கோழிக்குஞ்சு பொரிக்க வைத்திருந்த வெப்பப் பெட்டியைக் கண்ட தார்னியே என்ற பிரசவ வைத்தியர், 1880-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அதைப் போலொரு பெட்டியை மகப்பேறு மருத்துவமனையில் அமைத்துக் குறைமாதச் சிசுக்களை அதில் கிடத்தினார். நம் ஜனங்கள் இன்றும் “பெட்டியில் வைத்திருக்கிறார்கள்” என்று சொல்லுகிற பெட்டியின் மூதாதை அதுவே. உறிஞ்ச மாட்டாத சிசுவுக்கு ரப்பர்க் குழாய் வழியாக இரைப்பைக்கே பாலை இறக்கும் முறையையும் அவர் கையாண்டார். அவருடைய மாணாக்கர் பூதேன், சிசுவைக் காப்பது பெட்டி மட்டுமன்று, தாயும் அவள் பாலுமே என்று வற்புறுத்தி, 1892-ல் பால்குடிக் குழந்தைகளுக்கென்று தனி ஆலோசனைக் கூடம் திறந்தார். பின்லாந்தின் குழந்தை வைத்தியர் இல்ப்போ, பிறக்கும்போது 2500 கிராம் எடை என்பதைக் குறைமாதத்தின் எல்லைக்கோடாக வகுத்தார்; 1948-ல் உலக சுகாதார ஸ்தாபனமும் அதையே ஏற்றுக்கொண்டது. எடை குறைவாகப் பிறப்பது வேறு, மாதம் குறைந்து பிறப்பது வேறு என்ற பேதம் தெளிவாகப் பின்னும் சில ஆண்டுகள் ஆயின.

பிறர் பாலைச் சேகரித்து வைக்கும் ஏற்பாடு 1909-ல் வியன்னா நகரத்தில் எஷரிஹ் என்ற குழந்தை வைத்தியரால் தொடங்கப்பெற்றது. சிசுக்களின் மலத்தை ஆராய்ந்து, பிற்காலத்தில் தம் பெயராலேயே வழங்கிய குடற்கிருமியைக் கண்டுபிடித்தவர் இவர். கெட்ட பாலும் கெட்ட தண்ணீரும் குழந்தைக் குடலில் என்ன செய்யும் என்பதை இவரைக் காட்டிலும் நன்றாக அறிந்தவர் அக்காலத்தில் இருந்திருக்க முடியாது. அடுத்த ஆண்டில் பாஸ்டன் நகரத்திலும், 1919-ல் ஜெர்மனியின் மாக்டெபர்க் நகரத்திலும் இதே முயற்சி பரவியது. அதுவரை செவிலித்தாயை வீட்டுக்கு அழைத்துக் கூலி கொடுத்த செல்வர்கள் இருந்தார்கள். இனிமேல் அவளை அழைக்காமல் அவள் பாலை மட்டும் சீசாவில் வரவழைக்கலாம் என்றாயிற்று. இதில் இழந்தது என்ன, பெற்றது என்ன என்ற கேள்வி எழாமல் இல்லை. தன் குழந்தையை எங்கோ விட்டுவிட்டுப் பிறர் குழந்தைக்கு மார்பு கொடுத்த அந்த ஏழைப் பெண்ணின் பக்கமிருந்து பார்த்தால், சீசா எவ்வளவோ மேல் என்பது என் அபிப்பிராயம்.

இவ்வளவு தூரம் வந்த பிறகு கதை ஒரு முறுக்கு முறுக்கிக்கொண்டது. 1947-ல் அமெரிக்காவில் கார்டன், லெவின், மக்னமாரா என்ற மூவர் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஆடை நீக்கிய பசும்பாற் கலவை பெற்ற குறைமாதச் சிசுக்கள் தாய்ப்பால் பெற்றவற்றைக் காட்டிலும் வேகமாக எடை கூடின என்று தெரியவந்தது. தராசின் முள் நகர்ந்ததே பிரமாணம் என்று கொண்டு, மருத்துவமனைகள் பல தாய்ப்பாலைக் கைவிட்டுச் செயற்கைப் பாலை நாடின. போதாக்குறைக்கு, சுவாசப் பைக்குள் பால் போய்விடும் என்ற அச்சத்தினால் பிறந்த சிசுக்களை ஒரு நாள், இரண்டு நாள், சில இடங்களில் மூன்று நாள் வரை பட்டினி போடும் வழக்கமும் அக்காலத்தில் நிலைபெற்றிருந்தது. ரத்தத்தில் சர்க்கரை வற்றி, மூளை பழுதுபட்ட குழந்தைகள் பிழைத்து எழுந்த பிறகே அது பிசகு என்று உணர்ந்தார்கள். எந்தப் பாட்டியும் குழந்தையை மூன்று நாள் பட்டினி போட்டதில்லை என்பதை, சற்று முன் பாட்டிமாரைக் கடிந்துகொண்ட நான் இங்கே அவர்கள் பங்குக்குச் சொல்லியாக வேண்டும். 1976-ல் பின்லாந்தின் ரைஹா செய்த பரிசோதனைகள், மிகுதியான பசும்பாற் புரதத்தைக் குறைமாதச் சிசுவின் ஈரலும் சிறுநீரகமும் சமாளிக்க மாட்டாமல் ரத்தம் புளித்துப் போவதைக் காட்டின. கூடின எடையெல்லாம் ஆரோக்கியம் அன்று என்று தெரிந்தது.

அப்படியானால் தாய்ப்பாலே போதுமென்று விட்டுவிடலாமா? அதுவும் கூடவில்லை, இங்கேதான் அளவு என்பது முழு உக்கிரத்தோடு குறுக்கிடுகிறது. மாதம் நிறைந்து பிறந்த குழந்தைக்கென்று அமைந்த பால், கருவில் இன்னும் இரண்டு மாதம் இருந்திருக்கவேண்டிய சிசுவுக்கு வந்து சேருகிறது. எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தில் பெரும்பகுதியைத் தாயின் உதிரத்திலிருந்து நஞ்சுக்கொடி வழியே சிசு இழுத்துக்கொள்வது அந்தக் கடைசி மூன்று மாதங்களில்தான். நாளொன்றுக்குக் கிலோ எடைக்கு 100 மில்லிகிராமுக்கு மேலே போகும் அந்த வரவு, முன்கூட்டிப் பிறந்த சிசுவுக்குச் சட்டென்று அறுந்துவிடுகிறது. 1 கிலோ எடையுள்ள சிசு, தன் சிறிய இரைப்பையில் நாளொன்றுக்கு 180 மில்லி பால் தாங்கும் என்று வைத்துக்கொண்டால், 100 மில்லித் தாய்ப்பாலில் ஏறக்குறைய 30 மில்லிகிராம் சுண்ணாம்பே இருப்பதால், கிடைப்பது பாதிதான். புரதத்தின் கதையும் அதுவே: வேண்டுவது மூன்றரை முதல் நான்கு கிராம், வங்கியில் வரும் பால் 100 மில்லிக்கு 1 கிராம் அளவே தருமாதலால் சேருவது இரண்டு கிராமுக்கும் கீழே. குறைமாதத்தில் பிரசவித்த தாயின் பாலில் முதல் சில வாரங்களுக்குப் புரதம் கூடுதலாக இருப்பதை 1978-ல் கனடாவில் கண்டுபிடித்தார்கள். குழந்தை முந்திப் பிறந்ததை மார்பு எப்படியோ அறிந்துகொள்கிறது என்று கவிகள் வியக்கலாம். ஆனால் அந்தக் கூடுதலும் சில வாரங்களில் வடிந்துவிடுகிறது, சுண்ணாம்புக் குறையோ தொடக்கமுதலே தீர்வதில்லை. வெறும் தாய்ப்பாலில் வளர்ந்த மிகச்சிறு சிசுக்களின் எலும்புகள் மென்மையாகி, சில சமயம் தூக்கி எடுக்கும்போதே விலா எலும்பு முறிந்தது இதனால்தான்.

பாலை நீக்காமல் பாலுக்குள்ளேயே குறைந்ததைச் சேர்ப்பது என்ற யுக்தி, 1980-களில் பொடியாக உருக்கொண்டது. ‘எச்.எம்.எஃப்.’ என்று நர்சுகள் வாயில் சுருங்கி வழங்கும் இந்தச் செறிவூட்டும் பொடி, பெரும்பாலும் பசும்பாற் புரதமும், சுண்ணாம்பும், பாஸ்பரஸும், உயிர்ச்சத்துக்களும் சேர்ந்தது. ஒரு சிறு பொட்டலத்தை 25 மில்லித் தாய்ப்பாலில் கலந்தால் புரதம் ஏறத்தாழ இரட்டிக்கும். 100 மில்லிக்கு 67 கலோரியாக இருந்தது 80-ஐ எட்டும். சிசு கிலோவுக்கு 100 மில்லி பாலை ஏற்றுச் செரிக்கத் தொடங்கிய பிறகே பொதுவாக இதைச் சேர்ப்பார்கள். அதற்கு முன்னே அவசரப்பட்டால் வயிறு உப்பும். “தாய்ப்பாலில் பொடி கலக்கிறார்களாமே, அப்படியென்றால் என் பெண்ணின் பால் சத்தில்லாததா?” என்று மருத்துவமனை வாசலில் கண்ணீர் விட்ட பாட்டிமாரை நான் கண்டிருக்கிறேன். பால் சத்தில்லாதது அன்று, குழந்தை நாள் குறைந்தது என்ற ஒரே வாக்கியத்தை அவர்களுக்குச் சொல்ல யாருக்கும் அவகாசம் இருப்பதில்லை.

தாய்ப்பாலைக் கைவிடலாகாது என்பதற்கு அசைக்கமுடியாத சாட்சியம் 1990-ல் கிடைத்தது. இங்கிலாந்தின் ஆலன் லூகாஸும் அவர் துணைவரும் 926 குறைமாதச் சிசுக்களைத் தொடர்ந்து கவனித்து, குடலின் உட்சுவர் அழுகிப்போகும் கொடிய வியாதி, செயற்கைப் பால் மட்டுமே பெற்றவர்களிடம் தாய்ப்பால் மட்டுமே பெற்றவர்களைக் காட்டிலும் ஆறு முதல் பத்து மடங்கு மிகுந்திருந்ததாக வெளியிட்டார்கள். எய்ட்ஸ் பீதியினால் மேலை நாடுகளின் பால் வங்கிகள் ஒவ்வொன்றாகக் கதவடைத்துக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், தாராவிக்கு அண்மையிலுள்ள பம்பாய் சயான் மருத்துவமனையில் டாக்டர் அர்மிடா பெர்னாண்டஸ் 1989-ல் ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கியைத் திறந்தார் என்பது, நம் நாட்டு வைத்திய சரித்திரத்தில் பொன் எழுத்தில் பொறிக்கத்தக்கது. பணக்காரத் தேசங்கள் சந்தேகப்பட்டு விட்டதை ஏழைகளின் நகராட்சி மருத்துவமனை எடுத்துக்கொண்டது. தானமாக வந்த பாலை 62.5 டிகிரி வெப்பத்தில் 30 நிமிஷம் வைத்து, உடனே குளிரச்செய்து, கிருமி இல்லையென்று பரீட்சித்து உறையவைப்பது அங்கும் எங்கும் உள்ள முறை. பிரேசில் தேசத்தார் காபித்தூள் வந்த கண்ணாடிப் புட்டிகளையே கழுவி வேகவைத்துப் பாலுக்குப் பயன்படுத்தி, நாடெங்கும் 200-க்கு மேற்பட்ட வங்கிகளை நடத்துகிறார்கள். சிக்கனத்தில் அவர்கள் நமக்கு அண்ணன்மார்.

தமிழ்நாட்டில் அரசாங்கம் 2015 ஆகஸ்டில், தாய்ப்பால் வாரத்தை ஒட்டி, சென்னை எழும்பூர் உட்பட 7 அரசு மருத்துவமனைகளில் தாய்ப்பால் வங்கிகளைத் தொடங்கிற்று. 1844 முதல் இந்நகரத்தில் பிரசவம் பார்த்து வரும் எழும்பூருக்கு அது பொருத்தமே. தன் குழந்தை போக மிகுந்த பாலைப் பீய்ச்சிக் கொடுக்கிற தாயின் ரத்தத்தைப் பரிசோதித்து, அவள் பெயர் பெறுகிறவருக்குத் தெரியாமலும் பெறுகிறவர் பெயர் அவளுக்குத் தெரியாமலும் வைப்பது வழக்கம். இதில் திருவல்லிக்கேணிப் பக்கத்து இஸ்லாமியக் குடும்பங்களுக்கு ஒரு நியாயமான தயக்கம் உண்டு: ஒருத்தியிடம் பால் குடித்த குழந்தைகள் உடன்பிறப்புகள் ஆவார்கள், அவர்களுக்குள் விவாகம் கூடாது என்பது அவர்கள் சமய விதி. பால் உறவை இவ்வளவு மதிக்கிற ஒரு சமூகத்தைப் பழமைவாதம் என்று ஒதுக்காமல், கொடுத்தவர் யார் என்று தெரிவிக்கும் ஏற்பாட்டைச் சில நாடுகள் செய்திருப்பது மெச்சத்தக்கது.

தானம் என்ற சொல் விற்பனை என்ற சொல்லுக்கு இடங்கொடுக்கும் ஆபத்தும் கூடவே வந்தது. தாய்ப்பாலைப் பதப்படுத்தி விற்கலாகாது என்று மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 மே மாதத்தில் எச்சரித்த சில நாள்களுக்குள், நம் மாதவரத்திலேயே புட்டிகளில் தாய்ப்பால் விற்ற கடை ஒன்றை அதிகாரிகள் பூட்டி முத்திரை வைத்தார்கள். பால் புட்டி விளம்பரங்களை அடக்க 1992-லேயே சட்டம் செய்த நாடு இது. தாயின் பாலே புட்டியில் அடைபட்டு விலைக்கு வரும் என்று அந்தச் சட்டம் செய்தவர்கள் கனவிலும் கருதியிருக்க மாட்டார்கள்.

இனி நம் பாலாடைக்குத் திரும்புவோம். கர்ப்பத்தின் 32 வாரம் ஆகும் வரை சிசு பெரும்பாலும் குழாயில்தான் குடிக்கும். உறிஞ்சுதல், விழுங்குதல், மூச்சுவிடுதல் ஆகிய மூன்றையும் இசைவாகச் செய்யும் திறன் மெதுவாகவே கைவரும். குழாய்க்கும் மார்புக்கும் நடுவிலுள்ள அந்தச் சில வாரங்களில் பால் புட்டியைப் பழக்கினால் மார்பைப் பற்றத் தயங்கும் என்று கருதிய நம் நாட்டுக் குழந்தை வைத்தியர்கள், தங்கள் வீட்டு அலமாரியில் கிடந்த பாலாடையை எடுத்து வார்டுக்குள் கொண்டுபோனார்கள். அதனால் இந்தத் தமிழ்ச் சொல் ஆங்கில எழுத்தில் ‘பாலாடை’ என்றே உலக வைத்தியப் பத்திரிகைகளில் ஏறிவிட்டது. மிளகுத்தண்ணீருக்கும் கட்டுமரத்துக்கும் பிறகு இந்தச் சொல்லுக்கு அந்தக் கௌரவம் கிடைத்ததில் எனக்கு அற்பப் பெருமை உண்டு. புட்டி, கிண்ணம், பாலாடை மூன்றையும் ஒப்பிட்டு 1999-ல் நம் நாட்டிலிருந்து வெளியான ஆராய்ச்சி, பாலாடையில் சிசுக்கள் குறைந்த நேரத்தில் மிகுந்த பாலைக் குடித்தன என்று கண்டது. 2007-ல் இங்கிலாந்தில் செய்த பரிசோதனையோ, பாலாடையில் நேரம் கூடுதலாயிற்று, பாலும் சிந்திற்று என்று கண்டது. இரண்டும் மெய்யாக இருக்கலாம். குழந்தையை நிமிர்த்திப் பிடித்து, அது நாவை நீட்டும் வரை காத்திருந்து, அலகை உதட்டில் மட்டும் படியவைத்துச் சாய்க்கும் சாமர்த்தியம் ஒரே நாளில் வருவதன்று.

என் பேத்தி 31-ஆம் வாரத்தில் பிறந்தாள். ஊர் எல்லைக்குள்ளேயே உள்ள ஒரு மருத்துவமனையில் மூன்று வாரம் குழாயில் குடித்தபின், “நாளைக்குப் பாலாடை கொண்டு வாங்க” என்று சொல்லக் கேட்டு, என் தாயார் எனக்குப் புகட்டிய வெள்ளிப் பாலாடையைத் துலக்கி எடுத்துச் சென்றேன். நர்சு அதை வாங்கி, அலகின் உட்புறத்தில் கொடிபோல் ஓடிய வேலைப்பாட்டைச் சாளர வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

“நல்லாத்தான் இருக்கு சார். ஆனா இந்தக் கோட்டுக்குள்ள பால் நிக்கும், தேய்ச்சாலும் போகாது. சாதா எவர்சில்வர்ல ரெண்டு வாங்கிட்டு வாங்க, நாங்க வேக வெச்சுக்கிறோம்” என்றாள்.

முனுசாமி சாலைப் பாத்திரக் கடையில் இரண்டு வாங்கிக் கொடுத்தேன். அவள் ஊசியில்லாத சிரிஞ்சினால் அவற்றில் தண்ணீர் விட்டு, விளிம்பு வரை எத்தனை மில்லி பிடிக்கிறது என்று பார்த்து, குழந்தையின் அட்டையில் குறித்துக்கொண்டாள். மறுநாள் வீட்டில் அதே போலொரு சிரிஞ்சினால் வெள்ளிப் பாலாடையை நானும் அளந்தேன். 11 மில்லி பிடித்தது. ஒன்றரைப் பாலாடை என்று என் தாயார் சொன்னது பதினாறரை மில்லி.